சாமந்தியின் பிடி

மகன் ஜெரால்டு இறந்து மூன்று மாதமாகியும், அவன் வளர்த்த உப்புநீர் மீன்தொட்டியை பிலவேந்திரன் தினமும் துடைத்துவந்தார். அதற்குள் பூவைப்போல விரிந்து மீன்களுக்கு இடம் கொடுத்த கடல் சாமந்தி என்ற உயிரினம் நாலு நாளாகச் சுருங்கிக் கிடந்தது. தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தது.

“செத்திருந்தா உடனே எடுத்துடுங்க. இல்லேன்னா எல்லா மீனும் போயிடும்” என்று வளர்ப்புமீன் கடைக்காரர் போனில் சொன்னார்.

பிலவேந்திரன் கேட்கவில்லை. “இன்னும் ஒரு நாள் பாப்போம், ரெஜினா” என்றார் மனைவியிடம்.

ஆஸ்பத்திரியிலும் பத்து நாள் டாக்டர்களிடம் இதையேதான் சொன்னார். மகனின் மூச்சுக்கருவியை நிறுத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது ரெஜினாள்தான்.

இப்போதும் அவளே தொட்டிக்குள் கையை விட்டாள். பாறையில் ஒட்டியிருந்த அடிப்பாகத்தை நகத்தால் நெம்பினாள். அது கிழிந்து கையோடு வந்தது. தண்ணீரைவிட்டு வெளியே எடுத்தபோது அதன் இழைகள் மெல்ல அசைந்து அவள் விரலைப் பற்றிக்கொண்டன. உதறிப் பார்த்தாள். விடவில்லை.

“செத்துத்தானே இருக்கு?” சுவரைப் பார்த்து நின்றபடி பிலவேந்திரன் கேட்டார்.

“ஆமாங்க” என்றாள் ரெஜினாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள்.