ஒட்டாத கோடு

இந்தக் கைக்காக இரக்கப்படக் கூடாது என்று அனுசியா நினைத்துக்கொண்டாள். கை நல்ல கைதான். ஒரே ஓர் இடத்தில் அவசரப்பட்டுவிட்டது. ஆனாலும் இரக்கப்படக் கூடாது.

வெளிச்சப் பெட்டியின் மேல், வெல்டர் தேர்வுக்கான குழாயின் எக்ஸ்ரே படம் கிடந்தது. சாம்பல் நிறப் பட்டையின் ஓரத்தில், பென்சிலால் கீறியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. படத்தைப் பார்க்காமல் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுவதில்லை என்று அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"என்ன தாயி, இன்னும் அதையே பாத்துக்கிட்டு இருக்கே?" லிங்கராஜ் அண்ணாச்சி எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை அவருடையது. "பெவின் போட்டாச்சு, நானும் போட்டாச்சு. கீழ ஒரு கையெழுத்துதான் பாக்கி."

பெவின் ஜன்னலோரமாக நின்றான். வெல்டிங் செய்த குழாய்களைப் படம் பிடித்துச் சோதிப்பது அவன் வேலை. அனுசியா கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"பெவின், இது என்ன?"

"போராசிட்டிக்கா. உள்ள கொஞ்சம் காத்து நின்னுருக்கு. இந்த அளவுக்கு இருக்கலாம்."

"காத்து நின்னா புள்ளி புள்ளியால்லா விழும்? இப்படி நேர்கோடா விழுமா?"

பெவின் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்.

அந்தக் கோட்டுக்குப் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் லேக் ஆஃப் ஃபியூஷன். உருகிய உலோகம் குழாயின் விளிம்பை உருக்காமலே அதன்மேல் படிந்துவிடுவது. வெளியே தடவிப் பார்த்தால் வழவழவென்று ஒன்றாக இருக்கும். உள்ளே இரண்டும் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்.

இந்த அளவுக்கு இருக்கலாம் என்ற பேச்சே அதற்குக் கிடையாது. அந்தச் சொல்லை எழுதினால் தேர்வில் தோல்வி. அதனால்தான் பெவின் வேறு சொல்லை எழுதியிருந்தான்.

கோடு எங்கே விழுந்தது என்றுகூட அவளால் சொல்லிவிட முடியும். குழாயின் அடிப்பக்கம். குனிந்து, அண்ணாந்து வெல்டு அடிக்கும்போது முழங்கை கெஞ்சுகிற இடம்.

"நாளைக்குக் கப்பல் கம்பெனிக்காரங்க வாராவ, பேப்பர்காரங்க வாராவ. வாசல்ல பேனரு கட்டியாச்சு தாயி."

வரும்போது பார்த்தாள். 'எங்கள் பட்டறையின் முதல் பெண் வெல்டர்' என்ற பெரிய எழுத்துகளுக்குக் கீழே, முகமூடியை இறக்கிவிட்ட ஒருத்தியின் படம். முகம் தெரியவில்லை.

இந்தச் சான்றிதழ் கிடைத்தால் நிரந்தர வேலை. இழுவைக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய்க் குழாய்களைத் தொடலாம். கிடைக்காவிட்டால் பழையபடி தொங்கு பலகையில் உட்கார்ந்து துரு சுரண்ட வேண்டியதுதான். அது எப்படிப்பட்ட வேலை என்று அனுசியாவுக்குத் தெரியும்.

வெளியே கிரைண்டர் சத்தம் நின்றது. பழைய வெல்டர் தேவபிரசாதத்தின் குரல் ஜன்னல் வழியே தெளிவாக வந்தது.

"ரிசல்ட்டு என்னலே, பெரிய ரிசல்ட்டு? பாஸாக்கிருவாவ பாரு. பொம்பளப் பிள்ளைல்லா!"

"பேனருக்குத் துட்டு குடுத்தாச்சுல்லா!" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள்.

மணிக்கட்டில் பொறி பட்ட தழும்பு அரித்தது. அனுசியா சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டாள். சிரிப்பு அவளுக்குப் புதிதில்லை. இதுவரை அது வெறும் சிரிப்பாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால், அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும்.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "பயலுவ அடிச்ச வெல்டுல இதவிட மோசமெல்லாம் போயிருக்கு."

"யாரு அடிச்சது?"

"அது என்னத்துக்கு இப்போ? பொம்பளன்னு பாத்து கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்ன கொறஞ்சிரப் போவுது?"

"பொம்பளன்னு பாக்க வேண்டாம் அண்ணாச்சி. படத்தப் பாருங்க."

அண்ணாச்சி படத்தைப் பார்க்கவில்லை. "இவ்வளவு கல்நெஞ்சு ஆகாது தாயி," என்றார்.

அவள் பேனாவை எடுத்தாள். அண்ணாச்சியின் முகம் தெளிந்தது. பேனாவைத் திறக்காமலே அவள் அதைப் பெவினிடம் நீட்டினாள்.

"நான் போட மாட்டேன். இது என்னன்னு உனக்குத் தெரியும் பெவின். நீயே மாத்தி எழுது."

பெவின் பேனாவை வாங்கி, 'போராசிட்டி' என்பதை ஒரே கோட்டில் அடித்தான்.

"கெடுத்துட்டியே!" அண்ணாச்சி எழுந்துவிட்டார். "இப்போ அந்தப் பேனர அவுக்கவா, வச்சிருக்கவா?"

அனுசியா நாற்காலிக்கடியில் கிடந்த தோல் கையுறைகளை எடுத்துத் தட்டினாள். வெளியே நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று கதவைத் திறந்துவைத்தாள். குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"வேற குழாய் குடுங்க அண்ணாச்சி. நான் இன்னொரு தடவ வெல்டு அடிக்கேன்."