கேக்குதா?

“கேக்குதா?”

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று அப்பா கேட்டார். அம்மா அசையவில்லை. அவர் முன்னால் வந்து சைகையில் கேட்ட பிறகுதான், இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“பத்து நாளா இதே கூத்து. நான் வாங்கிட்டு வந்த புதுசு பெட்டியோட கிடக்கு,” என்றாள் மகள். “எட்டு வருஷத்துக் காது மெஷின்ப்பா. கடைக்காரனே தூக்கிப் போடச் சொல்லிட்டான்.”

“அவனுக்குப் புதுசு விக்கணும். திறந்துகூடப் பாக்கல.” மேஜைமேல் விரித்த வெள்ளைத் துணியில் கடுகளவு ஸ்க்ரூவைத் தேடினார் அப்பா. “ஒரு ஒயர் விட்டிருந்தது, பத்த வெச்சாச்சு. அப்புறமும் ஏன் கேக்கலேன்னுதான் புரியல.”

அப்பா பேச்சில் கஞ்சர். சாப்பிட உட்கார்ந்தால் ‘போடு’, ‘போதும்’. அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும். மெஷினைச் சோதிக்கத்தான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பிறகு செய்தித்தாளை வாசித்தார். அதுவும் அலுத்து, மூன்று நாளாகப் பழைய கதைகள்.

மெஷினை மறுபடி அம்மாவின் காதில் பொருத்திவிட்டுப் பின்னால் போனார்.

“பஸ் ஸ்டாப்புல உன்னை முதல்ல பாத்தன்னிக்கு நல்ல மழை. பச்சைக் குடையோட நின்னே. எனக்குப் பேச்சே வரல. இன்னி வரைக்கும் வரலேன்னு வெச்சுக்கோயேன்.”

அம்மாவின் உதடு எதையோ திருத்த வந்ததுபோல் அசைந்து, மூடிக்கொண்டது.

“கேக்குதா?”

தலை, இல்லை என்று ஆடியது.

“இன்னும் மெல்லிசா ஒரு ஒயர் வாங்கிட்டு வரேன்.” அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மகள் மேஜையை ஒழித்தபடி, தனக்குள் முணுமுணுத்தாள். “நாளைக்கு இவர் குளிக்கப் போற நேரம் பாத்து, இந்தச் சனியனைக் குப்பையில போட்டுடறேன்.”

அம்மா திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“போட்டுடாதடி. சரியாயிடுச்சுன்னும் சொல்லிடாதே. அப்புறம் உங்கப்பா என்கூடப் பேசமாட்டாரு.”