ஒறிஜினல் மட்காட்

“அண்ணன், ஒங்கட கார்த் தகட்டுக்குக் கொழும்புக்குப் போன என்ட மனிசன ஆமிக்காரன் பிடிச்சி வச்சிரிக்கான்!”

செட்டிபாளையத்தில் வினாயகமூர்த்தியின் வீட்டு வாசலில் நின்று அழுதாள் ஜெமீலா. ஏறாவூரில் கார் திருத்தும் சரீப்பின் மனைவி அவள். முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்திருந்தாள்.

“எங்க வச்சிப் பிடிச்சவன்?”

“வாற வழியில, சோதனைச் சாவடியில. பஸ்ஸில கூட வந்த ஆக்கள்தான் வந்து சொன்னாங்க. புதுத் தகடு ஆருக்குக் கொண்டு போறாய், வவுணதீவுப் பக்கம் இரிக்கிற இயக்கத்துக்கா எண்டு கேட்டு அடிச்சானாம். ஒங்கட சாமான் எண்டு நீங்க வந்து சொன்னா விட்டுருவான் அண்ணன். வருவீங்களா?”

ஆமி இருக்கும் இடத்துக்கு ஒரு தமிழன் தன் காலால் நடந்து போவதாவது! போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த காலமா அது? வினாயகமூர்த்தி சேர்ட்டை எடுத்து மாட்டினார்.

“அப்பா, நான் போறன்” என்றான் மகன் யோகராசா.

“நீ வாசல் கடப்பையும் தாண்டக் கூடாது. உள்ளுக்குப் போ!”

பஸ்ஸில் ஜெமீலாவின் அழுகை கோபமாக மாறியது. அவளுக்குக் கோபிக்க உரிமை இருந்தது.

“நாடு இரிக்கிற இருப்புல ஒங்களுக்குக் கொம்பெனித் தகடு கேக்குதா அண்ணன்? வேற தகடு வெட்டித் தட்டி, பெயின்ட் அடிச்சித் தாறன் எண்டு அந்த மனிசன் எத்தின தரம் சொன்னார்!”

“சொன்னவர்தான் தங்கச்சி. நான்தான் கேக்கல்ல.”

கேட்கவில்லைதான். யோகராசா வாடகைக்கு ஓட்டிய அவருடைய பழைய டட்சன் கார், ஏறாவூரடியில் ஓர் எருமையோடு மோதி முன்பக்கமும் சக்கரத்தை மூடும் மட்காட் தகடும் அப்பளமாகிவிட்டன. காரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சரீப்பின் கராச்சில் விட்டார்கள். சரீப் நசுங்கியதை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, “இந்த மொடலுக்குக் கொம்பெனி மட்காட் இப்ப இலங்கையிலேயே இல்ல அண்ணன். நானே ஒண்டு செஞ்சி பூட்டுறன்” என்றார்.

வினாயகமூர்த்தி ஒற்றைக்காலில் நின்றார். ஒறிஜினல் வரும்வரை காரில் ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கேள்விப்பட்டவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கார் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. பின்சீற்றில் ஜெமீலாவின் கோழி அடைகாத்தது.

சிரிக்காத ஒரே ஆள் சரீப்தான். சாமானின் அருமை தெரிந்த மனிதருக்கு வேலை செய்வது பெருமை என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கொழும்புக்குப் போறதெண்டு எனக்கு ஏன் தங்கச்சி ஒரு சொல்லுச் சொல்லல்ல? சொல்லியிருந்தா மறிச்சிருப்பனே!”

“திடீரெண்டு கொண்டு வந்து காட்டி ஒங்களச் சந்தோசப்படுத்தணும் எண்டு போனவர்.”

வினாயகமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவருக்கு ஒண்டு நடந்தா அந்தப் பாவம் என்னச் சும்மா விடாது” என்று முணுமுணுத்தார்.

சாவடியில் நெடுநேரம் வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசையின் மேல், சுற்றிய தாள் கிழிந்து, பளபளவென்று மட்காட் கிடந்தது. அதிகாரிக்கு ஓரளவு தமிழ் தெரிந்திருந்தது.

“இது உங்க சாமானா?”

“ஓம் சேர். என்ட காருக்கு. நான்தான் கேட்டது.”

“வேற தகடு அடிச்சுப் போட முடியாதா? இதுக்குப் போய்க் கொழும்பு எதுக்கு?”

வினாயகமூர்த்தி மேசையில் கிடந்த மட்காட்டைப் பார்த்தார்.

“எனக்கு ஒறிஜினல்தான் வேணும் சேர். பிடிவாதம்.”

அதிகாரி பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார்கள்.

“சரி, ஆளைக் கூட்டிப் போ. கார் ஓடத் தொடங்கினா இங்க கொண்டு வந்து காட்டு. எங்களுக்கும் தேவைப்படும்.”

சரீப் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். வலது கை விரல்கள் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தன. இடது கையால் மட்காட்டை அணைத்துப் பிடித்திருந்தார். “அல்லாவே!” என்று ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள் ஜெமீலா.

“அண்ணன், பாருங்க, ஒரு கீறல் இல்ல! அடிக்க வரக்குள்ள இதச் சுவரோட சாத்தி வச்சிட்டுத்தான் அடி வாங்கினன்.” உடைந்த உதட்டோடு சிரித்தார். “இந்தக் கை கொஞ்சம் வத்தட்டும். பூட்டித் தந்துருவன்.”

வினாயகமூர்த்தியால் தாங்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டார்.

“பூட்ட வேணாம் சரீப்.”

“ஏன் அண்ணன்? அசல் கொம்பெனிச் சாமான்!”

“இலங்கையிலேயே இல்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க? கிடைக்காத சாமான் எண்டுதான் அதக் கேட்டன். கார் ஓடினா ராவையில இயக்கத்து ஆக்கள் வந்து காரக் கேப்பாங்க, பகல்ல இவங்க கேப்பாங்க. ஓட்டுறதுக்கு என்ட புள்ளையையும் சேத்துத்தான் கொண்டு போவாங்க. கார் கராச்சிலயே கிடக்கட்டும் எண்டு நினைச்சன். அத ஒங்களுக்குச் சொல்லவும் பயந்துட்டன்.”

சரீப்பின் சிரிப்பு அடங்கியது. மட்காட்டை மெல்ல மண்ணில் வைத்தார்.

“ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, எஞ்சினையும் கழட்டிக் கராச்செல்லாம் பரப்பி வச்சிரிப்பனே அண்ணன்! என்னையுமா நம்பல்ல?”