அவருக்கு முடியல

"அம்மா, கைய எடுங்க. ஐயாவே போடட்டும்."

மதிவதனி சொல்லி முடிப்பதற்குள் பெரியநாயகி தன் கணவர் தனக்கோடியின் சட்டையில் இரண்டு பொத்தான்களை மாட்டிவிட்டிருந்தாள். "அவருக்கு முடியலம்மா. கை நடுங்குது பாரு."

மதிவதனிக்கு எரிச்சல் தாங்கவில்லை. பக்கவாதம் வந்த பெரியவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து, பயிற்சி கொடுப்பது அவள் வேலை. செராமிக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த இந்த வீட்டில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. பல் துலக்குவது, தலை சீவுவது, சாப்பிடுவது எல்லாம் இன்னும் பெரியநாயகியின் கையால்தான்.

மதிவதனி டீ இருந்த பீங்கான் கப்பைத் தனக்கோடியின் முன் நகர்த்தினாள். "தூக்கி ஒரு வாய் குடிங்க ஐயா."

விரல்கள் கப்பின் பிடியைத் தொட்டு நழுவின. டீ சிந்தியது. பெரியநாயகி ஓடிவந்து துடைத்தாள். கப்பைத் தானே எடுத்து அவருக்குப் புகட்டினாள்.

மதிவதனி அவருடைய வலக்கையை அமுக்கிப் பார்த்தாள். தசை வற்றவில்லை. உறுதியாகத்தான் இருந்தது. பிறகு என்ன கேடு?

"இது சரிப்படாதும்மா. கடலூர்ல தங்கிப் பயிற்சி எடுக்கற எடத்துக்கு எழுதிடறேன். கூட யாரும் இருக்கக் கூடாது. நீங்க பக்கத்துல இல்லாட்டித்தான் ஐயா தேறுவாரு."

"என்னை வுட்டுட்டா? யாரு பாத்துக்குவாங்க?" பெரியநாயகியின் முகம் வெளுத்துப்போனது. உள்ளே சோறு பொங்கி வழியும் சத்தம் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள்.

அவள் தலை மறைந்ததும் தனக்கோடி கையை உயர்த்தினார். மிச்சப் பொத்தான்களை விறுவிறுவென்று மாட்டினார். கப்பை எடுத்து, சொட்டுச் சிந்தாமல் மீதி டீயைக் குடித்தார்.

மதிவதனிக்குக் கோபம் தலைக்கேறியது.

"எத்தினி நாளா ஐயா ஏமாத்தறீங்க? வூட்டுக்குப் போற ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸ வுட்டுட்டு, இங்க வந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். அந்தம்மாவ இப்பிடி வேலை வாங்கறதுக்கு மனசு எப்பிடி வந்துது?"

"மெதுவாம்மா, அவ காதுல வுழுந்துடப் போவுது." தனக்கோடி உள்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "எங்களுக்கு ஒரே பொண்ணு, தமிழினி. போன வருஷம் ஆக்சிடெண்ட்டுல போயிட்டா. அன்னிக்குப் பாயில படுத்தவதான் இவ. குளிக்கல, பேசல. நான் சோறு ஊட்டுனா துப்பிடுவா. எந்த டாக்டராலயும் எழுப்ப முடியல."

மதிவதனியின் குரல் தணிந்தது. "அப்புறம் எப்பிடி எழுந்தாங்க?"

"எனக்குக் கை வுழுந்த அன்னிக்கிதாம்மா எழுந்தா."