போதும் என்று பெயர் வைத்த வீடு

கடைக்குட்டி தக்வானா ஜெபத்தைத் தொடங்கியதும் ஷுவாய் தன் முறைக்கு இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டாள்.

இன்று சொல்லிவிட வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் வயிறே சொல்லிவிடும். சபை மாதர் சங்கத்துச் சிவப்பு மேற்சட்டைக்குப் பொத்தான் மாட்டுவதே இப்போது பெரும்பாடு.

புருஷனிடம் நேரில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. தேநீர் கொடுக்கும்போது சொல்ல வாயைத் திறந்தாள். அவன் இரும்பு விலை ஏறிய கதையை ஆரம்பித்து, குடித்து முடித்து, பட்டறைக்கும் போய்விட்டான். இன்னொரு நாள் பாதி சொன்னாள். மீதியை அவனே தப்பாக முடித்து, அதற்குப் பதிலும் சொல்லிவிட்டான்.

இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிற கை ஓய்ந்தாலும் கிவ்மோருக்கு வாய் ஓயாது. மாஸ்விங்கோ ஊருக்கே தெரியும். அவன் வாய் மூடியிருக்கிற ஒரே நேரம் சாயங்காலக் குடும்ப ஜெபம். அதுவும் மற்றவர் ஜெபிக்கும்போது மட்டும்.

சட்டம் போட்டவனும் அவன்தான். களிப் பானையை இறக்கியதும் எல்லோரும் முழங்கால் போட வேண்டும். சின்னதிலிருந்து வரிசையாக வந்து, கடைசியில் வீட்டுத் தலைவன். ஒருவர் ஆண்டவரிடம் பேசும்போது குறுக்கே பேசுகிறவர்தான் அன்று பாத்திரம் கழுவ வேண்டும்.

தக்வானா பக்கத்து வீட்டு நாய்க்கு நல்ல புத்தி கேட்டான்.

அந்தக் குரலைக் கேட்கக் கேட்க ஷுவாய்க்குத் துணிச்சல் வடிந்தது. ஷோனா மொழி பேசும் வீடுகளில் பிள்ளைக்கு வைக்கிற பெயர் ஆண்டவரின் காதில் போட்டு வைக்கிற சொல். மூத்தவள் தபிவா, கிடைத்தது என்று. அடுத்தவன் தவாண்டா, பெருகிவிட்டோம் என்று. மூன்றாவதற்கு கிவ்மோர் ஆடு வெட்டி, சபையையே வரவழைத்து, போதும் என்று பொருள்பட தக்வானா என்றான். போதகரே விழுந்து விழுந்து சிரித்தார். ஆண்டவரிடம் கணக்கைத் தீர்த்துவிட்டதாக அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

அவன் கோபத்துக்கெல்லாம் அவள் பயப்படவில்லை. கத்துவான், கத்தி ஓய்வான். ஆனால் வயிற்றில் இருப்பதை அவன் ஒரு கணமாவது வேண்டாததாக நினைத்துவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்றுதான் பயந்தாள்.

தவாண்டா பரீட்சையை ஒப்புக்கொடுத்தான். தபிவா ஊரிலுள்ள நோயாளிகளை எல்லாம் ஒப்புக்கொடுத்தாள். அடுத்து அவள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ஆண்டவரே, கடைக்குட்டிக்குப் போதும்னு பேர் வச்சோம். ஆனா தபிவா அப்பாவுக்கு அவங்கம்மா இங்கிலீஷ்ல வச்ச பேரு கிவ்மோர், இன்னும் தாரும்னு. ரெண்டு பேரையும் தினமும் உம்ம முன்னாடி சொல்றோம். எது உம்ம காதுல விழுந்துச்சோ எனக்குத் தெரியாது. ஆனா குடுத்துட்டீர். ஸ்தோத்திரம்.”

தபிவாவுக்குப் புரிந்துவிட்டது, மூச்சை உள்ளே இழுத்தாள். தவாண்டா எதற்கென்று தெரியாமலே மூக்கால் சிரித்து, அக்காவிடம் இடி வாங்கினான்.

இனி அவன் முறை.

கிவ்மோரின் ஜெபம் எப்போதும் அரசாங்கத்தில் தொடங்கி, மழைக்குப் போய், மின்சார வாரியத்தை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பும். அதற்குள் களி ஆடை கட்டிவிடும். இன்று ஒரு சத்தமும் இல்லை.

ஷுவாய் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அவன் கண்கள் மூடித்தான் இருந்தன. இவனுக்குப் பேச்சு வராமல் போனதை அவள் பார்த்ததே இல்லை.

“தகப்பனே,” என்றான் கடைசியில். “நீர் குடுத்ததை வேணாங்கிறதுக்கு நான் யாரு. வரட்டும், ராசாவாட்டம் வச்சுக்கிறேன். ஆனா இந்த ஒண்ணோட நிறுத்திக்கும். ஒண்ணே ஒண்ணு. இதுக்கு மேல என் முதுகு தாங்காது.”

ஷுவாய்க்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் பசியில் கூரை அதிர ஆமென் போட்டார்கள். கிவ்மோரும் சேர்ந்து போட்டான்.

அவளுக்கு மட்டும் ஆமென் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

அன்று காலையில் மருத்துவமனைத் தாதி கருவியை வயிற்றில் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் வைத்து, இரண்டு குட்டி இதயத்தின் துடிப்பையும் தனித்தனியே கேட்க வைத்திருந்தாள்.

ஷுவாய் எழுந்து களியைப் பரிமாறத் தொடங்கினாள். மற்றதை நாளை ஜெபத்தில் சொல்லிக்கொள்ளலாம்.