இரண்டாவது ஓட்டு

"இந்த வருஷம் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவராதீங்க சார். விட்டுடுங்க," என்றார் ஜோசுவா.

குமரகுரு காபி டம்ளரைக் கீழே வைத்தார். பட்டுக்கடையின் மாடியில் ஜோசுவாவின் மனைவி லில்லி, மகள் கல்யாணத்துக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போது இறங்கி வருவாள் என்பது கடைக்காரருக்கே தெரியாது. கீழே விரித்திருந்த மெத்தையில் இவர்கள் இருவர் மட்டும்தான்.

ஜோசுவா சென்னைக்காரர், பாரதப் பாய்மரப் படகுச் சங்கத்தின் செயலாளர். குமரகுரு அதே சங்கத்தின் உறுப்பினர். காஞ்சிபுரத்திலிருந்து அவர் ஒருவர்தான். சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி வள்ளி இறந்த பிறகு சின்ன காஞ்சிபுரத்துப் பூர்வீக வீட்டில் தனியாக இருக்கிறார்.

கடலே இல்லாத ஊரில் படகைப் பற்றிப் பேசினால் யார் காது கொடுப்பார்கள்? "எங்க ஓட்டப்போறீங்க, அத்திவரதர் குளத்துலயா?" என்று பக்கத்துத் தறிவீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் கேலி செய்தார்கள். பிறகு அதுவும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். கேலி செய்யக்கூட ஆளில்லாமல் போனதுதான் குமரகுருவுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் கேட்பது பெரிய விஷயமில்லை. சங்கம் நடத்தும் தேசியப் போட்டியில் ஒற்றை உடல் கொண்ட படகுகளுக்கு மட்டும்தான் பந்தயம். இரண்டு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து, நடுவே ஒரே பாய் கட்டி ஓட்டுகிற இரட்டைப் படகுக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்கிறார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு படகில் வள்ளி ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

வருடா வருடம் தீர்மானம் அனுப்புவார். வருடா வருடம் அது மண்ணைக் கவ்வும். ஆன்லைனில் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். ஆதரவாக எப்போதும் இரண்டே இரண்டு ஓட்டு.

"இந்த ரெட்டைப் படகுக்கு 'கேட்டமரான்'னு நம்ம கட்டுமரத்தோட பேரை வச்சிக்கினு உலகமே ஓட்டுது. நம்ம சங்கத்துக்கு மட்டும் ஆகாதா சார்?" என்றார் குமரகுரு.

ஜோசுவா தயங்கித் தயங்கிச் சொன்னார். தலைவருக்கு இந்தத் தீர்மானத்தின் பேரைக் கேட்டாலே எரிச்சல் வருகிறதாம். மற்றவர்கள் சிரிக்கிறார்களாம். அதோடு இந்த முறை ஆன்லைன் கிடையாது. மும்பையில் நேரில் கூட்டம், எல்லார் முன்னாலும் கையைத் தூக்கித்தான் ஓட்டுப் போட வேண்டும்.

"அதுக்குத்தான் சார் டிக்கெட் எடுத்து வச்சிக்கினு இருக்கேன்," என்றார் குமரகுரு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு ஓட்டு என்னுது. இன்னொண்ணு போடுறவரு யாருன்னு கண்ணால பார்த்துடுவேன் இல்ல?"

அந்த இன்னொருவரைப் பற்றி அவர் நினைக்காத நாளில்லை. கோவாவில் ஒரு பழைய கப்பற்படைக்காரராக இருக்கலாம், கொச்சியில் ஒரு டீச்சராகவும் இருக்கலாம். எங்காவது இரட்டைப் படகுப் பந்தயம் நடந்ததாகப் படித்தால், மனதுக்குள் முதலில் அவரிடம்தான் சொல்வார். பொங்கலன்று ஒற்றை ஆளுக்குப் பொங்கல் வைக்கும்போதுகூட, அந்த மனிதரும் இந்நேரம் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வார். அப்படி ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அந்த வீட்டில் அவரால் இருக்க முடிந்தது.

"கூட்டத்துல யாரும் கை தூக்கலைன்னா?" என்றார் ஜோசுவா.

"தூக்குவாரு சார். வருஷம் தவறாம போட்டவரு. அத்திவரதரே நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள இருந்துட்டு வெளியில வர்றாரு. இவரு ஒரு கையைத் தூக்க மாட்டாரா?"

ஜோசுவா மாடிப்படியைப் பார்த்தார். லில்லி வருவதாக இல்லை. வந்தோமா, சொன்னோமா, போனோமா என்று முடித்துவிடலாம் என நினைத்து வந்தவர் அவர்.

"எனக்காக வேணாம் சார்," என்றார் குமரகுரு மெதுவாக. "நான் பாட்டுக்கு விட்டுட்டா அவரு தனியா ஆயிடுவாரு. தனியா இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். இன்னொருத்தருக்கு அதை நான் செய்ய மாட்டேன்."

சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே ஒரு பொன்னாடை. கூட்டங்களில் போர்த்திவிட்டு அன்றைக்கே மறந்துபோகிற பளபளப்புத் துணி இல்லை. அரக்கு நிறத்தில் அசல் பட்டு, இரண்டு பக்கமும் சரிகைக் கரை. பக்கத்துத் தறிவீட்டில் சொல்லி நெய்ய வைத்திருந்தார். எதற்கு என்று அவர்கள் கேட்டதற்கு, ஒரு சிநேகிதருக்கு என்று சொன்னாராம்.

"மும்பைல எல்லார் எதிர்லயும் அவருக்குப் போர்த்தணும். உங்களுக்கு அவரு யாருன்னு தெரிஞ்சிருக்கும். பேரு வேணாம், ரகசியம்தான். இந்தக் கலர் அவருக்குப் பொருந்துமா, அதை மட்டும் சொல்லுங்க."

ஜோசுவா பொன்னாடையை வாங்கி விரித்தார். எழுந்து நின்றார். குனிந்து, குமரகுருவின் தோளில் அதைப் போர்த்தி, இரண்டு முனைகளையும் சரிசெய்தார்.

"பொருந்துது சார்," என்றார். "தீர்மானம் கொண்டுவர்றவரோட ஓட்டைச் சங்கத்துல முதல்லயே ஆதரவுக் கணக்குல சேர்த்துடுவோம். அது தெரியாம நீங்களும் வருஷா வருஷம் போட்டீங்க. சொல்ல எங்களுக்கு மனசு வரலை. ரெண்டுமே உங்க ஓட்டுதான் சார்."