தூவாவின் தட்டு

"மறுபடியும் நீயா?"

தராசில் தெரிந்த எண்ணைப் பார்த்ததும் வகுப்பு ஆசிரியர் ஹோக்கனுக்கு வயிறு எரிந்தது. முந்நூற்றுப் பத்து கிராம்! கிழங்கு மசியலும் இறைச்சி உருண்டைகளும் அப்படியே தராசு மேல் இருந்த எச்சில் தொட்டிக்குள் போயிருந்தன. வழித்துக் கொட்டியவள் அவர் வகுப்புப் பெண் தூவா.

"ஆமா, ஹோக்கன்," என்றாள். பக்கத்துப் பலகையில் தன் பெயருக்கு நேரே '310' என்று அவளே எழுதியும் வைத்தாள். முகத்தில் துளி வருத்தம் இல்லை.

"நேத்து இருநூத்து எண்பது. திங்கக்கிழமை முந்நூறு. உனக்கு வேணுங்கிறதை நீயேதானே போட்டுக்கறே? அப்புறம் என்ன அட்டூழியம் இது? இதோ, சுலவ் தட்டைப் பாரு. கழுவவே வேண்டாம் போலிருக்கு!"

பின்னால் காலித் தட்டோடு நின்ற நேபாளத்துப் பையன் சுலவ் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமான பிள்ளை என்று ஹோக்கன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

நேபாளத்தின் பொக்காரா நகரப் பள்ளி ஒன்றோடு ஹோக்கனின் ஸ்வீடன் பள்ளிக்கு இரண்டு வருஷமாக ஒப்பந்தம். எதையும் வீணாக்காமல் வாழ இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கற்க வேண்டும். அதற்காகத்தான் சுலவ் ஒரு மாதம் தூவாவின் வீட்டு விருந்தாளியாக வந்திருக்கிறான். அதற்காகத்தான் தராசு, பலகை எல்லாம். வெள்ளிக்கிழமை தோறும் பலகையைப் படம் எடுத்து பொக்காராவுக்கு அனுப்புவார்கள். பிள்ளைகள் விமானத்தில் வந்து விமானத்தில் போவதைப் பற்றி மட்டும் இரண்டு பள்ளியும் வாயைத் திறப்பதில்லை. அது கிடக்கட்டும்.

ஏப்ரலில் இங்கிருந்து ஐந்து பேர் அங்கே போகிறார்கள். தூவாவும் ஒருத்தி. நேபாளியில் நூறு வரை எண்ணப் பழகிவிட்டாள். மலை ஏறப் புது பூட்ஸ் வாங்கி, கால் பழகட்டும் என்று சாப்பாட்டுக் கூடத்துக்கே அதைப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"பொக்காராவுக்குப் போயும் இப்படித்தான் கொட்டப் போறியா? நம்ம மானம் கப்பலேறிடும்," என்றார் ஹோக்கன். "காரணம் ஏதாவது இருந்தா சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"அப்படின்னா நாளைக்கு நீ தனி மேசை. ஒழுங்கா சாப்பிடலைன்னா பொக்காரா போற பட்டியல்ல உன் பேர் இருக்காது."

தூவாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

மறுநாள் மூலை மேசையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்து தட்டைக் காட்டினாள். சுத்தம்! தராசில் பூஜ்யம்.

ஹோக்கனுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "முடியுதில்ல? அப்ப இத்தனை நாளும் வேணும்னே கொட்டியிருக்கே! திமிர்! உன் இடத்துக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

தூவா ஜன்னலோர மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

கூடமே காலி. சுலவ் மட்டும் உட்கார்ந்திருந்தான். எதிரே குவியலாகக் கிழங்கும் மீனும். ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கிக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர்.

"என்னப்பா, வகுப்பு ஆரம்பிக்கப் போகுதே?"

"இதோ முடிச்சிடறேன், சார்." எல்லாப் பிள்ளைகளும் ஹோக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். இவனுக்கு மட்டும் அது வாயில் வரவே வராது.

"முடியலைன்னா வெச்சிடேன்."

"பெரியவங்க கையால போட்டதை மிச்சம் வெக்கக் கூடாது, சார்." இன்னொரு வாய் போட்டவன் குமட்டலை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். "தினமும் தூவா வாங்கிக்குவா. தன்னோட காலித் தட்டை என்கிட்ட தள்ளிட்டு என் தட்டை எடுத்துக்குவா. 'உன் பேர் பலகையில வந்தா உங்க ஸ்கூலே பார்க்கும். என் பேர் வந்தா ஹோக்கன் மட்டும்தான் திட்டுவார், அவர் ரொம்ப நல்லவர்'னு சொல்லுவா."

ஹோக்கன் தட்டில் இருந்த குவியலைப் பார்த்தார்.

"சரி, எதுக்கு இவ்வளவு போட்டுக்கிட்டே?"

"நான் எங்கே போட்டுக்கிட்டேன், சார்? எனக்கு மட்டும் சமையல்கார அம்மாதான் போடறாங்க."

ஹோக்கன் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "மார்கரெத்தா! சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இப்படி மலை மாதிரி குவிக்கறே? அறிவு வேண்டாம்?"

மார்கரெத்தா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"நல்லாயிருக்கே கதை! 'பையன் ஒல்லியா இருக்கான், கூச்சப்படுவான், வேண்டாம்னு சொன்னாலும் விடாதே, ரெண்டு பங்கு வை'ன்னு முதல் நாளே வந்து சொன்னது யாரு? என் வீட்டுக்காரரா?"

ஹோக்கன் சுலவின் தட்டைத் தானே எடுத்துப் போய்த் தொட்டியில் வழித்தார். இருநூற்று அறுபது.

"தூவா, அந்த பூட்ஸ் இன்னும் காலைக் கடிக்குதா?"

"கொஞ்சம்."

"ஏப்ரலுக்குள்ள பழகிடும்."

பிறகு பலகையில் தூவாவின் பெயருக்கு நேரே இருந்த எண்களை எல்லாம் சட்டைக் கையாலேயே அழித்தார். அடியில் புதிதாக ஒரு பெயரை எழுதி, அன்றைய 260 உட்பட, ஒரு கிராம் விடாமல் அத்தனையையும் அதற்கு நேரே போட்டார்.

'ஹோக்கன், வகுப்பு ஆசிரியர்.'

அன்று வெள்ளிக்கிழமை.